ஊர்க்காரர்களின் படை – 7: வெஸ்ட் நகரத்தின் 22 நிமிடங்கள்

சென்ற இதழில் பிலடெல்பியாவில் நின்றிருந்தோம். 1736 டிசம்பர் 7 அன்று பெஞ்சமின் பிராங்க்ளினும் அவருடைய நண்பர்களும் கூடி யூனியன் தீயணைப்புக் குழுவைத் தொடங்கினார்கள். தோல் வாளிகளையும் சாமான்களை அள்ளிக் கட்டும் பைகளையும் ஒவ்வொருவரும் வீட்டில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். மாதம் ஒரு கூட்டம், வராதவருக்கு அபராதம், அந்த அபராதப் பணத்தில் ஏணியும் கொக்கியும் தண்ணீர் பீச்சும் எந்திரமும். பக்கத்து வீட்டுக்காரன் வீடு எரிந்தால் என் வாளியோடு நான் ஓடுவேன், என் வீடு எரிந்தால் அவன் வருவான். இதுதான் அவர்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

பெரிய நகரங்களில் அந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. சின்சினாட்டி 1853-லும் நியூயார்க் 1865-லும் பிலடெல்பியாவே 1871-லும் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கத் தொடங்கின. சிற்றூர்களுக்கு அந்த வசதி வரவே இல்லை. மூவாயிரம் பேர் வாழும் ஊரில் இருபது பேருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, தீப்பிடிக்கும் நாளுக்காக உட்கார வைக்க எந்த நகராட்சியிடம் பணம் இருக்கிறது? அதனால் அங்கெல்லாம் பிராங்க்ளின் காலத்து ஒப்பந்தம்தான் இன்றுவரை ஓடுகிறது. 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி அமெரிக்காவில் சுமார் 10 லட்சத்து 41 ஆயிரம் தீயணைப்பு வீரர்கள். அவர்களில் ஏறக்குறைய 6 லட்சத்து 77 ஆயிரம் பேர் தன்னார்வலர்கள், அதாவது நூற்றுக்கு 65 பேர். உலகத்தின் மிகப் பெரிய பணக்கார நாட்டின் கிராமப்புறத்தைக் காப்பவர்கள் தச்சர்கள், பள்ளி வாத்தியார்கள், லாரி ஓட்டுநர்கள், விவசாயிகள். இதை நான் தெரிந்துகொண்ட நாளில்தான் இந்தத் தொடரை எழுத வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

இந்த இதழில் அப்படிப்பட்ட ஓர் ஊருக்குப் போவோம்.

ஊரின் பெயர் வெஸ்ட். மேற்குத் திசைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில், வேக்கோ நகரத்துக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே முதல் தபால் நிலையத்தை நடத்திய டி. எம். வெஸ்ட் என்பவரின் பெயர் ஊருக்கு நின்றுவிட்டது. 2010-ல் மக்கள்தொகை சுமார் 2,800. நம் கணக்கில் ஒரு நடுத்தரக் கிராமம். பொஹீமியாவிலிருந்தும் மொராவியாவிலிருந்தும் 19-ம் நூற்றாண்டில் நிலம் தேடி வந்த செக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டல்லாஸ் போகும் நெடுஞ்சாலையில் காரை நிறுத்தி ‘கொலாச்சி’ வாங்காமல் யாரும் வெஸ்ட்டைத் தாண்டுவதில்லை. நடுவில் பழக்கூழ் வைத்துச் சுட்ட இனிப்பு பன் அது.

வெடிவிபத்து ஒன்று இந்த ஊரின் பழைய வரலாற்றிலும் உண்டு. 1896 செப்டம்பர் 15 அன்று, ஊருக்குத் தெற்கே சில மைல் தள்ளி, ஒரு ரயில் நிறுவனம் விளம்பரத்துக்காக இரண்டு பழைய ரயில்களை எதிரெதிரே ஓட்டி மோதவிட்டது. வேடிக்கை பார்க்க 40,000 பேர் திரண்டதாகச் சொல்கிறார்கள். ‘கொதிகலன் வெடிக்காது’ என்று பொறியாளர்கள் உறுதி கொடுத்திருந்தார்கள். இரண்டு கொதிகலன்களும் வெடித்தன. இரும்புத் துண்டுகள் கூட்டத்துக்குள் பாய்ந்து இரண்டு பேராவது செத்தார்கள். ‘ஒன்றும் ஆகாது’ என்று தெரிந்தவர்கள் சொன்னதை நம்பி அருகில் நின்ற ஜனங்கள். வாசகர்கள் இந்தக் காட்சியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் தன்னார்வத் தீயணைப்புப் படை என்றால் என்ன? ஒரு கொட்டகை, அதில் சில வண்டிகள், சுவரில் வரிசையாகத் தொங்கும் கனத்த கோட்டுகள், கீழே பூட்ஸுகள். உள்ளே பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். வீரர்கள் எல்லாம் அவரவர் வேலையில் இருப்பார்கள். இடுப்பிலோ சாப்பாட்டு மேஜையிலோ ஒரு பேஜர். அது அலறினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பிள்ளையின் பிறந்தநாளாக இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமைப் பூசையாக இருக்கலாம். தட்டில் சோறு ஆறிப்போவது இந்தக் குடும்பங்களுக்கு வாடிக்கை. காசு கிடையாது. வண்டிக்கு டயர் மாற்றவும் குழாய் வாங்கவும் பணம் வேண்டுமானால், ஊர் மைதானத்தில் இறைச்சி சுட்டு விருந்து வைத்துத் தட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள், குலுக்கல் சீட்டு விற்பார்கள். நம் ஊரில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பதைப் போலத்தான். வீட்டுத் தீ மட்டும் அவர்கள் வேலை இல்லை. நெடுஞ்சாலையில் கார் கவிழ்ந்தால் தகரத்தை அறுத்து ஆளை இழுப்பது, வெள்ளத்தில் வழி மறிப்பது, மூச்சுத் திணறும் பாட்டியை ஆம்புலன்ஸில் ஏற்றுவது, எல்லாம் அவர்களே. அரசாங்கம் என்று அந்த ஊர் ஜனங்களின் கண்ணில் படுவது அநேகமாக இந்தக் கோட்டுப் போட்ட பக்கத்து வீட்டுக்காரர்தான்.

வெஸ்ட்டில் நிலைமை இன்னும் ஒருபடி நெருக்கம். 2013-ல் நகரத்தின் மேயராக இருந்த டாமி மஸ்கா தானே தன்னார்வத் தீயணைப்பு வீரர். அப்போதைய நகராட்சிச் செயலரும் வீரர்.

ஊரின் வடக்கு ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி, ஓர் உரக் கிடங்கு இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் கட்டியது. அப்போது சுற்றிலும் வயல். சோளமும் பருத்தியும் போடும் விவசாயிகள் வந்து உரம் வாங்கிப் போவார்கள். காலப்போக்கில் ஊர் கிடங்கை நோக்கி நகர்ந்தது. முதியோர் இல்லம் வந்தது, அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது, பள்ளிகள் வந்தன, பிள்ளைகள் விளையாடும் பூங்கா வந்தது. யாரும் தவறாக எதையும் நினைக்கவில்லை. உரக் கடைதானே. அங்கே ஆபத்து என்று ஊர் பயந்ததெல்லாம் தொட்டிகளில் இருந்த அம்மோனியா வாயுவுக்குத்தான். அது கசிந்தால் கண் எரியும், மூச்சு அடைக்கும். அந்த நாற்றத்தை எல்லோருக்கும் தெரியும்.

கொட்டகைக்குள் மரத் தடுப்புகளில் குவித்து வைத்திருந்த இன்னொரு சரக்கைப் பற்றித்தான் யாரும் பயப்படவில்லை. அதன் பெயர் அம்மோனியம் நைட்ரேட்.

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கையில் எடுத்தால் ஜவ்வரிசியைப் போல வெள்ளை வெள்ளையான சிறு உருண்டைகள். மணம் இல்லை. சாதாரணமாகத் தீக்குச்சி காட்டினால் பற்றாது. பயிருக்கு நைட்ரஜன் கொடுப்பதில் கெட்டிக்காரச் சரக்கு. ஆனால் இதற்குள் இன்னொரு குணம் உண்டு. விறகு எரிய வேண்டுமானால் வெளியிலிருந்து காற்று வேண்டும். அடுப்பின் வாயை மூடினால் நெருப்பு அணைந்துவிடும். அம்மோனியம் நைட்ரேட் அப்படியல்ல. ஆக்சிஜனைத் தன் மூலக்கூறுக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறது. அருகே மரமோ காகிதமோ எரிந்தால் அந்த நெருப்புக்குத் தானே காற்றை ஊட்டும். சுமார் 170 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு மேல் சூடு ஏற ஏறச் சிதைந்து வாயுவாகும். கரியும் எண்ணெயும் கலந்துவிட்டாலும், குவியலுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் அடைபட்டாலும், ஒரு கணத்தில் மொத்தமும் வெடிக்கும். எப்போது வெடிக்கும் என்று வெளியில் நிற்பவர் சொல்லவே முடியாது. ஒரு தீ மணிக்கணக்கில் எரிந்து அடங்கிவிடும். இன்னொன்று சில நிமிடங்களில் ஊரையே கொண்டுபோய்விடும்.

இது டெக்சாஸுக்குத் தெரியாத பாடமும் இல்லை. அதே மாநிலத்தின் கடற்கரையில், டெக்சாஸ் சிட்டி என்ற துறைமுக நகரத்தில், 1947 ஏப்ரல் 16 அன்று நடந்தது. பிரான்ஸ் நாட்டுக் கொடியேந்திய ‘கிராண்ட்கேம்ப்’ கப்பலில் சுமார் 2,300 டன் அம்மோனியம் நைட்ரேட் ஏற்றப்பட்டிருந்தது. போரில் சிதைந்த ஐரோப்பாவின் வயல்களுக்குப் போக வேண்டிய உரம். காகிதப் பைகளில் கட்டியிருந்தார்கள். மூட்டைகள் தொடும்போதே சூடாக இருந்ததைச் சுமந்தவர்கள் கவனித்திருந்தார்கள். காலை 8 மணி வாக்கில் கிடங்கறையிலிருந்து புகை வந்தது. தண்ணீர் பீச்சினால் சரக்கு வீணாகும் என்று கப்பலின் மூடிகளை அடைத்து நீராவியைச் செலுத்தச் சொன்னார் கேப்டன். மற்ற எந்தத் தீக்கும் அது சரியான வைத்தியம். காற்றைத் தன்னுள்ளே வைத்திருக்கும் சரக்குக்கு மூடி போட்டுச் சூடும் ஏற்றினால் என்ன ஆகும்? மூடிகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. செம்மஞ்சள் நிறத்தில் புகை எழுந்தது. அந்த நிறத்தைப் பார்க்கவே ஊர் திரண்டது. பிள்ளைகளும் வந்தார்கள்.

டெக்சாஸ் சிட்டியின் தன்னார்வத் தீயணைப்புப் படை நான்கு வண்டிகளோடு வந்தது. அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும் புகைப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. கப்பல்துறையில் குழாய்களைப் பிடித்தபடி மனிதர்கள், கப்பலின் தளத்தை நோக்கி வளைந்து எழும் தண்ணீர். அவ்வளவுதான். எந்த ஊரிலும் எந்த நாளிலும் காணக்கூடிய தீயணைப்புக் காட்சி. யாரும் பின்வாங்குவதாகத் தெரியவில்லை. அந்தப் படத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர்களைக் கூப்பிட்டு ‘ஓடுங்கள்’ என்று சொல்லத் தோன்றும்.

9:12-க்குக் கப்பல் வெடித்தது. படையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அந்த நொடியில் போனார்கள். தலைவர் ஹென்றி பாம்கார்ட்னரும் போனார். மறுநாள் அதிகாலை பக்கத்தில் நின்ற ‘ஹை ஃப்ளையர்’ என்ற கப்பலும் வெடித்தது. அடையாளம் கண்ட உடல்கள் 405, அடையாளம் தெரியாதவை 63, உடலே கிடைக்காமல் போனவர்கள் 113. ஆக 581 பேர். கப்பலின் இரண்டு டன் நங்கூரம் இரண்டரைக் கிலோமீட்டருக்கு அப்பால் மண்ணில் புதைந்து கிடந்தது. சரக்கின் பைகளில் இருந்ததெல்லாம் அது உரம் என்ற தகவல் மட்டும்தான்.

இனி 2013-க்கு வருவோம். ஏப்ரல் 17, புதன்கிழமை. டெக்சாஸ் சிட்டியில் அந்தக் காலை விடிந்து 66 ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன.

மாலை 7:29-க்கு அழைப்பு வந்தது. உரக் கிடங்கில் தீ. பேஜர்கள் அலறின. ஆட்கள் வீடுகளிலிருந்து கிளம்பினார்கள். அன்று மாலை ஊரின் ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவசர மருத்துவ உதவிக்கான வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊர்ப் படைகளின் தன்னார்வலர்கள் படிக்க வந்திருந்தார்கள். அது அவர்கள் ஊர்த் தீ இல்லை. போக வேண்டும் என்று யாரும் அவர்களுக்கு உத்தரவிடவும் முடியாது. புத்தகத்தை மூடிவிட்டுச் சிலர் தீயை நோக்கிப் போனார்கள். டல்லாஸ் மாநகரப் படையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கேப்டன் ஒருவருக்கு வெஸ்ட்தான் வீடு. அன்று அவருக்குப் பணி இல்லாத நாள். அவரும் போனார்.

போனவர்கள் கண்டது மரச் சட்டங்களால் ஆன ஒரு பழைய கொட்டகை எரிவதை. தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு எதுவும் அதில் கிடையாது. அம்மோனியாத் தொட்டிகள் சூடாகிவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. வாயு கசிந்தால் முதியோர் இல்லம் என்ன ஆகும், குடியிருப்பு என்ன ஆகும்? அதற்கான ஏற்பாட்டில்தான் இறங்கினார்கள். குழாய் விரித்தார்கள். அருகில் இருந்தவர்களை விலகச் சொன்னார்கள். பூங்காவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த நேரம். தங்களுக்குத் தெரிந்த ஆபத்துக்கு எதிராக அவர்கள் செய்தது எல்லாம் சரி. தெரியாத ஆபத்து கொட்டகைக்குள் உருகிக்கொண்டிருந்தது.

7:51.

சுமார் 30 டன் சரக்கு ஒரே நேரத்தில் வெடித்தது என்று பின்னால் கணக்கிட்டார்கள். பூகம்பமானிகளில் அது 2.1 அளவுக்குப் பதிவானது. கிடங்கு நின்ற இடத்தில் 93 அடி அகலத்துக்குப் பள்ளம். குடியிருப்பின் முகப்பு உரிந்துபோனது. முதியோர் இல்லத்தின் கூரை இறங்கியது. பள்ளிக் கட்டடங்கள் நொறுங்கின. இரவு 8 மணி ஆகப்போகிறது என்பதால் வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லை. இதையே பகல் 11 மணிக்கு வைத்து நினைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சுற்றுவட்டாரத்தில் 150-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதம். 260-க்கும் மேற்பட்டோருக்குக் காயம். பக்கத்தில் ஒரு ரயில் பெட்டியில் இன்னும் சுமார் 100 டன் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. வெடிப்பில் அந்தப் பெட்டி கவிழ்ந்தது, வெடிக்கவில்லை. வெஸ்ட் என்ற ஊர் இன்றும் வரைபடத்தில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இறந்தவர்கள் 15 பேர். அக்கம்பக்கத்தில் வசித்த 3 பேரைத் தவிர மற்ற 12 பேரும் தீயை நோக்கிப் போனவர்கள். அவர்களில் வெஸ்ட் படையின் வீரர்கள் 5 பேர். அந்த ஐவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு பேர் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. ஒருவர் நகராட்சிச் செயலர். ஒருவர் அதே உரக் கிடங்கில் வேலை பார்த்தவர். பகலில் சம்பளத்துக்கு நின்ற இடத்துக்கு மாலையில் சம்பளமில்லாமல் குழாயோடு வந்தவர். மருத்துவ வகுப்பிலிருந்து வந்த பக்கத்து ஊர்த் தன்னார்வலர்கள் 4 பேர், டல்லாஸ் கேப்டன் ஒருவர். மீதி 2 பேர் எந்தப் படையிலும் இல்லாத பொதுமக்கள், உதவிக்கு என்று ஓடியவர்கள். ஊர் அவர்களையும் வீரர்களின் வரிசையிலேயே சேர்த்துக்கொண்டது. ஏப்ரல் 25 அன்று வேக்கோவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு அதிபர் ஒபாமா வந்தார். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் தீயணைப்பு வண்டிகள் வந்து வரிசை கட்டி நின்றன.

வெடித்த பிறகு அந்த இரவில் ஊர் நடந்துகொண்ட விதமும் இந்தத் தொடருக்கு உரிய செய்தி. மேயர் மஸ்காவே தீயை நோக்கி வந்துகொண்டிருந்தவர்தான். உயிர் பிழைத்து ஊரைத் திரட்டும் வேலையில் இறங்கினார். முதியோர் இல்லத்தில் 130 பேர் அளவுக்கு இருந்தார்கள். படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் பலர். மின்சாரம் போய்விட்டது, தூசியும் புகையும். அக்கம்பக்கத்தார் உள்ளே புகுந்து அவர்களைச் சக்கர நாற்காலியிலும் கையிலுமாகத் தூக்கி வந்தார்கள். பள்ளியின் கால்பந்து மைதானம் சிகிச்சைக்கூடமானது. படை 5 பேரை இழந்த பிறகு மீதி வேலையை ஊரே எடுத்துக்கொண்டது. தன்னார்வப் படைக்கும் ஊருக்கும் நடுவே கோடு எதுவும் இல்லாததால்தான் இது முடிந்தது.

இனி மனம் கசக்கும் பகுதி.

அந்தக் கிடங்கில் என்ன இருந்தது என்பது ரகசியமா? இல்லை. 270 டன் வரை அம்மோனியம் நைட்ரேட் வைத்திருப்பதாக மாநில அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலேயே எழுதியிருந்தது. அப்படி ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும் என்ற சட்டத்துக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்தபோது, அமெரிக்காவில் ‘நம் ஊர் ஆலைகளில் என்ன இருக்கிறது’ என்ற கேள்வி எழுந்தது. 1986-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அபாயகரமான ரசாயனம் வைத்திருப்பவர்கள் அதன் பெயரையும் அளவையும் மாநிலத்துக்கும் உள்ளூர் அவசரக் குழுவுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆக போபாலின் பிணங்கள் மேல் எழுதப்பட்ட சட்டம் அது. வெஸ்ட்டில் காகிதம் எழுதப்பட்டது, கோப்பில் சேர்ந்தது. அந்த மாலையில் குழாய் பிடித்து நின்றவர்களுக்கு, ‘இது தீப்பிடித்தால் அணைக்க முயலாதீர்கள், ஊரைக் காலி செய்யுங்கள்’ என்ற ஒரு வரிப் பயிற்சியாக அது மாறவில்லை. அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2016 ஜனவரியில் வெளியிட்ட இறுதி அறிக்கை இந்தக் குறையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

மற்ற ஓட்டைகளும் இருந்தன. டெக்சாஸில் மாநிலம் முழுமைக்கும் பொதுவான தீத்தடுப்பு விதி கிடையாது. மக்கள்தொகை குறைந்த மாவட்டங்கள் சொந்தமாக விதி போட்டுக்கொள்ளவும் சட்டம் பெரும்பாலும் இடம் கொடுக்கவில்லை. கிடங்கின் காப்பீடு 10 லட்சம் டாலருக்கு மட்டும். இடிந்துபோன ஓர் ஊருக்கு அது எந்த மூலைக்கு? 2015-ல் புதிய சட்டம் வந்தது. அம்மோனியம் நைட்ரேட்டை எரியக்கூடிய பொருள்களிலிருந்து 30 அடி தள்ளி வைக்க வேண்டும், தீயணைப்பு அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றது. 2016 மே மாதம் கூட்டாட்சிப் புலனாய்வாளர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். தீ தானாகப் பிடித்ததல்ல, யாரோ வைத்தது என்று அறிவித்து, துப்புக் கொடுப்பவருக்கு 50,000 டாலர் வெகுமதியும் அறிவித்தார்கள். ரசாயனப் பாதுகாப்பு வாரியமோ காரணம் இன்னதென்று உறுதி செய்ய முடியவில்லை என்றது.

இந்த விவாதம் தேவைதான். ஆனால் என் மனம் அதில் நிற்கவில்லை. தீ எப்படிப் பிடித்தாலும், மரத் தடுப்புக்குள் அந்தச் சரக்கைக் குவித்து வைத்தது தீ வைத்தவன் இல்லை. பள்ளியையும் முதியோர் இல்லத்தையும் அதன் அருகில் வர விட்டதும் அவன் இல்லை. 12 பேருக்குத் தகவல் போய்ச் சேராததும் அவனால் இல்லை. அதே வாரியத்தின் கணக்கில், டெக்சாஸில் இந்தச் சரக்கைப் பெருமளவில் வைத்திருந்த 40 இடங்களில் 19 இடங்கள் ஒரு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ அரை மைலுக்குள் இருந்தன. வெஸ்ட் ஒரு விதிவிலக்கு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

தன்னார்வலர் ஊருக்குத் தன் நேரத்தைக் கொடுக்கிறார், தூக்கத்தைக் கொடுக்கிறார், கடைசியில் உயிரையும் கொடுக்கிறார். பதிலுக்கு ஊரும் அரசும் அவருக்குக் கொடுக்க வேண்டியது மாலையும் சிலையும் மட்டும் இல்லை. எரியும் கட்டடத்தின் கதவை நெருங்குமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அந்தக் கடன் டெக்சாஸ் சிட்டியில் தீர்க்கப்படவில்லை, 66 ஆண்டு கழித்து வெஸ்ட்டிலும் தீர்க்கப்படவில்லை. சம்பளப் படைகளுக்கும் இதே கதைதான். 1988 நவம்பர் 29 அன்று கான்சாஸ் சிட்டியில் சாலை அமைக்கும் இடத்தில் எரிந்த சரக்குப் பெட்டிகளை அணைக்கப் போன 6 வீரர்கள் மாண்டார்கள். உள்ளே அம்மோனியம் நைட்ரேட் கலந்த வெடிபொருள். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தின் 12-ம் எண் கிடங்கில் தீ என்று அனுப்பப்பட்ட படைப்பிரிவில் 10 பேர். ஒருவரும் திரும்பவில்லை. உள்ளே 2,750 டன் கிடந்தது அவர்களுக்குத் தெரியாது.

பெய்ரூட் எரிந்த அதே வாரத்தில்தான் நம் சென்னையில் ஒரு செய்தி வந்தது. வாசகர்களுக்கு நினைவிருக்கும். மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில், 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட் 37 பெட்டகங்களில் அப்படியே இருந்தது. இந்தியாவில் இந்தச் சரக்குக்கு 2012-லேயே தனி விதிகள் வந்துவிட்டன, உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. இருந்தும் ஐந்து ஆண்டுகள் அது மணலியில் கிடந்தது. பெய்ரூட்டுக்குப் பிறகு அவசர அவசரமாக ஏலம் விட்டு, லாரிகளில் ஏற்றி, ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

வெஸ்ட் மீண்டும் எழுந்துவிட்டது. பள்ளிகளைக் கட்டினார்கள், முதியோர் இல்லத்தைக் கட்டினார்கள். தீயணைப்புப் படை இன்றும் தன்னார்வப் படைதான். பேஜர் அலறினால் இன்றும் அங்கே யாரோ ஒருவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறார்.

நம் ஊர்களில் தீயணைப்பு நிலையம் அரசாங்கத்தின் சம்பளத் துறை. ஆனால் உரக் கடை, ரசாயனக் குடோன், பட்டாசுக் கிடங்கு எல்லாம் நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கின்றன. அடுத்த முறை கிராம சபைக் கூட்டத்துக்கோ வார்டு கூட்டத்துக்கோ போனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் குடோனில் என்ன சரக்கு, எவ்வளவு இருக்கிறது என்பது நம் தீயணைப்பு நிலையத்துக்கு எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறதா? ‘இல்லை’ என்று பதில் வந்தால், கொடுக்கும்வரை விடாதீர்கள்.

(தொடரும். அடுத்த இதழில்: சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுகத்தில் 1851-ல் பிறந்த படை)